விண்வெளி வீரர் யார்?

பட்டியல் எழுதுவது எளிய தொழில் என்று பலர் எண்ணுவர். ஊரில் உள்ள வீடுகளை எண்ணுகிறோம். வகுப்பில் உள்ள மாணவரை எண்ணுகிறோம். அவ்வாறே விண்வெளிக்குச் சென்று மீண்டவரையும் எண்ணி, பெயரும் நாளும் குறித்துவிடலாம் அன்றோ? மனிதன் விண்வெளிக்குச் செல்லத் தொடங்கியது 1961-ஆம் ஆண்டில்தான். சென்றவர் தொகையும் பெரிதன்று, சில நூற்றுவரே. அவர்கள் புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் உலகறிந்தவை. எனினும், இத்துணைச் சிறிய பட்டியலை எழுதப் புகுந்தவர்கள் அதன் முதற்பெயரிலேயே தயங்கி நிற்க நேர்ந்தது.

அம்முதற்பெயர் யூரி ககாரின் என்பது. சோவியத் விமானப்படை அதிகாரியான அவர் 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் 'வஸ்டோக்' என்னும் கலத்தில் அமர்ந்து, புவியைச் சுற்றி வந்து இறங்கினார். புறப்பட்டது முதல் தரையை அடைந்தது வரை ஆன காலம் 108 நிமிடமே. வானில் நிகழும் சாதனைகளை ஆராய்ந்து சான்று வழங்குவதற்கு 1905-ஆம் ஆண்டு தொட்டுப் பன்னாட்டு வானூர்தியியல் கூட்டமைப்பு என்னும் நிறுவனம் ஒன்று உண்டு. ககாரினின் செலவை உலகின் முதல் விண்வெளிச் செலவு என அந்நிறுவனம் ஏற்றுச் சான்று அளித்தது. ஆனால், அதன் விதிகளுள் ஒன்று, கலத்தில் ஏறிச் சென்றவர் அக்கலத்தோடே தரையிறங்குதல் வேண்டும் என்று கூறியது. பழைய விமானங்களை மனத்திற்கொண்டு வகுத்த விதி அது. ஊர்தியைப் பாழாக்கிவிட்டு ஓட்டுநர் குதித்துத் தப்புவது எங்ஙனம் சாதனையாகும்?

ககாரின் ஏறிய கலமோ உருண்டை வடிவினது. அது வான்குடையின் துணைகொண்டு இறங்கினும் தரையில் வன்மையாக மோதும்; உள்ளிருப்பவர் அம்மோதலைத் தாங்குதல் அரிது. ஆகவே, தரைக்கு மேல் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் உயரத்தில் அவர் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனி வான்குடையில் மிதந்து இறங்குமாறு பொறியியலார் அமைத்திருந்தனர். அங்ஙனமே அவர் வோல்கா ஆற்றுப் பகுதியில் ஒரு வயலில் வந்து இறங்கினார். அங்கே நின்றிருந்த மூதாட்டி ஒருத்தியும் அவள் பேத்தியும், செந்நிற உடையும் வெண்ணிறத் தலைக்கவசமும் அணிந்து வரும் உருவத்தைக் கண்டு அஞ்சிப் பின்வாங்கினர். தாமும் ஒரு சோவியத் மனிதரே என்று கூறி அவர் அவர்களுடைய அச்சத்தைப் போக்கினார். அவ்விருவரும் கண்ட இவ்வுண்மை, கூட்டமைப்புக்கு அனுப்பிய ஆவணங்களில் மறைக்கப்பட்டிருந்தது.

நான்கு திங்கள் சென்றபின், ஆகஸ்டில், கெர்மன் டிட்டாவ் என்பவர் புவியைப் பதினேழு முறை சுற்றி வந்து, தாம் வான்குடையிலேயே இறங்கியதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கூட்டமைப்பினர் கூடி ஆராய்ந்தனர். மேலே செல்லுதல், புவியைச் சுற்றுதல், உயிரோடு மீளுதல் ஆகிய மூன்றுமே சாதனையின் உயிர்நிலை என்றும், இறங்கும் முறை அத்துணை முதன்மை உடையதன்று என்றும் அவர்கள் தெளிந்தனர், விதியைத் திருத்தினர். ககாரினின் பெயர் முதலிடத்திலேயே நின்றது. அவர்கள் செய்தது தக்கதே. ஆயினும், விதியின் எழுத்தை மட்டும் நோக்கும் ஒருவர் அன்று தீர்ப்புக் கூறியிருப்பின், உலகின் முதல் விண்வெளி வீரரை அப்பட்டியலில் தேடிக் காண இயலாமற் போயிருக்கும்.

அடுத்த ஐயம், விண்வெளி எங்கே தொடங்குகிறது என்பது. கடலுக்குக் கரை உண்டு; நாட்டுக்கு எல்லைக்கல் உண்டு. வானுக்கோ அத்தகைய குறி ஒன்றும் இல்லை. மேலே செல்லச் செல்லக் காற்று சிறிது சிறிதாக மெலிகிறது. இன்ன இடத்தில் அற்றது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த தியோடர் வான் கார்மன் என்னும் பொறியியல் அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். விமானம் தன் சிறகுகளின்மேல் காற்று உராய்ந்து ஓடுவதால் மிதக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் மிதக்க வேண்டுமாயின் வேகத்தைக் கூட்டுதல் வேண்டும். இன்னும் மேலே செல்லின் வேகம் இன்னும் மிகுதியாதல் வேண்டும். இறுதியில், மிதப்பதற்கு வேண்டிய வேகம், புவியைச் சுற்றி ஓடுவதற்கு வேண்டிய வேகத்துக்கு ஒப்பாகிவிடும். அந்நிலையில் சிறகு இருந்தும் பயனில்லை. சிறகின்றியே கலம் வானில் நிற்கும். விமானத்தின் ஆட்சி முடிந்து விண்கலத்தின் ஆட்சி தொடங்கும் இடம் அதுவே.

அவ்விடத்தின் உயரம் கலத்தின் அமைப்பையும் காற்றின் நிலையையும் பொறுத்துச் சிறிது மாறும். கார்மன் கணக்கிட்ட உயரம் 100 கிலோமீட்டருக்குக் குறைந்ததே. எனினும், நினைவிற்கொள்ள எளிய முழு எண்ணாகிய 100 கிலோமீட்டரையே பன்னாட்டுக் கூட்டமைப்பு எல்லையாக வைத்துக்கொண்டது. அது கார்மன் கோடு என்றே பெயர் பெற்றது. அமெரிக்க விமானப்படையினரோ 50 மைல் என்று எல்லை வகுத்தனர். அது 80 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அதுவும் ஒரு முழு எண்தான். ஆனால் மைல் கணக்கில் முழு எண். இருவர் இருவேறு அளவுகோலில் முழு எண்ணை விரும்பியமையால் இடையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலத்தில் வழக்குக்குரிய நிலம் ஒன்று வானில் தோன்றிவிட்டது. 2018-ஆம் ஆண்டில் ஜோனதன் மெக்டவல் என்னும் வானியலறிஞர், துணைக்கோள்கள் பல 100 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியும் அழியாது மீண்டும் மேலெழுந்ததைச் சான்று காட்டி, 80 கிலோமீட்டரே பொருத்தமான எல்லை என்று வாதிட்டார்.

இவ்வழக்கு நிலத்தில் சிக்கியவர்கள் உயிருள்ள மனிதர்கள் என்பதை மறத்தலாகாது. அமெரிக்கர் 'எக்ஸ் 15' என்னும் ராக்கெட் விமானம் ஒன்றை அமைத்து, 1959-ஆம் ஆண்டு முதல் 1968-ஆம் ஆண்டு வரை பறக்கவிட்டனர். பெரிய விமானம் ஒன்று அதனை வானில் சுமந்து சென்று விடும். உடனே அது தன் ராக்கெட்டைக் கொளுத்திக்கொண்டு செங்குத்தாக மேலே பாயும். அதனை ஓட்டியவருள் எண்மர் 50 மைலுக்கு மேல் சென்றனர். அவ்வெண்மருள் ஐவர் விமானப்படையினர். அவர்களுக்கு விண்வெளி வீரர்க்குரிய சிறகுச் சின்னம் வழங்கப்பட்டது. எஞ்சிய மூவர், ஜோசப் வாக்கர், ஜான் மெக்கே, வில்லியம் டானா என்போர், நாசா என்னும் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஊழியர், படையினர் அல்லர். ஒரே விமானத்தில் ஒரே உயரத்துக்குச் சென்றும் அவர்களுக்குச் சின்னம் கிடைக்கவில்லை. வாக்கரோ 1963-ஆம் ஆண்டில் இருமுறை 100 கிலோமீட்டரையும் கடந்தவர். எந்த அளவுகோலை எடுத்து அளப்பினும் அவர் விண்வெளிக்குச் சென்றவரே. 1966-ஆம் ஆண்டில் அவர் வேறொரு விமான விபத்தில் மாண்டார். மூவருக்கும் சின்னம் வழங்கியது 2005-ஆம் ஆண்டில். அன்று அதனைத் தம் கையால் வாங்க உயிரோடு இருந்தவர் டானா ஒருவரே.

உயரம் மட்டும் போதுமா என்று கேட்போரும் உளர். 1961-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் அமெரிக்கராகிய ஆலன் ஷெப்பர்டு 187 கிலோமீட்டர் உயரம் சென்றார். ஆனால், அவர் புவியைச் சுற்றவில்லை. எறிந்த கல் மேலே சென்று வளைந்து வீழ்வது போல, பதினைந்து நிமிடத்தில் அவருடைய கலம் கடலில் வந்து வீழ்ந்தது. அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 8,000 கிலோமீட்டர். புவியைச் சுற்ற வேண்டுமாயின் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வேகம் மூன்றரை மடங்கானால் அதற்குரிய ஆற்றல் பன்னிரண்டு மடங்குக்கு மேலாகும். ஆகவே, மேலே எட்டிப் பார்த்துவிட்டு வருவதும் மேலே தங்கிச் சுற்றுவதும் ஒன்றல்ல என்பது அறிவுடையோர் பலர் கருத்து. விண்வெளிக்குச் சென்றவர்களே கூடி 1985-ஆம் ஆண்டில் அமைத்த சங்கம் ஒன்று, புவியை ஒருமுறையேனும் சுற்றியவரையே உறுப்பினராக ஏற்பது என்று விதித்துக்கொண்டது. ஷெப்பர்டு அம்முதற்செலவோடு நின்றிருப்பின் அச்சங்கத்தின் வாயில் அவருக்குத் திறந்திராது. அவர் 1971-ஆம் ஆண்டில் திங்களின்மேலேயே நடந்துவிட்டார் என்பது வேறு செய்தி.

'ஒருமுறை சுற்றுதல்' என்பதும் தோன்றும் அளவுக்கு எளிதன்று. ககாரின் புறப்பட்ட இடம் கிழக்குத் தீர்க்கரேகை 63 பாகையை ஒட்டியது. இறங்கிய இடம் 46 பாகையை ஒட்டியது. அவர் சென்ற திசை கிழக்கு. ஆகவே, தரையின்மேல் கோடு கிழித்துப் பார்த்தால் முழு வட்டமாகிய 360 பாகைக்கு 17 பாகை குறைகிறது. அவர் புவியை முற்றும் சுற்றவில்லை என்று இதனைக் காட்டிக் குறை கூறுவாரும் உளர். ஆனால், புவி வாளா நிற்கும் பொருள் அன்று. அது நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகையாகக் கிழக்கு நோக்கியே சுழல்கிறது; 108 நிமிடத்தில் 27 பாகை சுழன்றுவிடும். அவர் தரையின்மேல் கடந்த 343 பாகையோடு இந்த 27 பாகையைக் கூட்டுக. 370 பாகை வருகிறது. விண்மீன்களைக் கொண்டு அளந்தால் அவர் சுற்றியது முழு வட்டத்திற்கும் சற்று மிகுதியே. குறை கூறியவர் அளந்த கோல் பிழையானதன்று. அதனை ஊன்றிய தரை அசைவதை அவர் மறந்தார்.

இனி, சென்றவர் எந்நோக்கத்தோடு சென்றார் என்பது மற்றொரு வினா. கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கிக்கொண்ட பெயர்களால் அமெரிக்கர் இவரை 'விண்மீன் மாலுமி' என்றும், ருஷ்யர் 'பேரண்ட மாலுமி' என்றும் பொருள்பட அழைக்கின்றனர். மாலுமி என்பது தொழிற்பெயர். தமிழர் வழங்கும் பெயரோ 'விண்வெளி வீரர்' என்பது. வீரம் என்னும் பண்பை அது முன்னிறுத்துகிறது. அப்படியாயின், பொருள் கொடுத்து இடம் பெற்று, உல்லாசமாகச் சென்று வருபவரை என்னென்று அழைப்பது? 2001-ஆம் ஆண்டில் டென்னிஸ் டிட்டோ என்னும் அமெரிக்கச் செல்வர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து ருஷ்யக் கலத்தில் ஏறிப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். உயரம் பற்றிய விதியும் சுற்று பற்றிய விதியும் அவரை ஏற்றுக்கொள்கின்றன. 'வீரர்' என்னும் சொல்லே தயங்குகிறது. இத்தகையோரை 'விண்வெளிப் பயணி' என்று வழங்குவது நன்று. கப்பலில் செல்வோர் அனைவரையும் மாலுமி என்று ஒருவரும் சொல்வதில்லை அன்றோ?

2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இச்சிக்கல் முற்றியது. அத்திங்கள் 11-ஆம் நாள் ரிச்சர்டு பிரான்சன் என்னும் வணிகர் தம் நிறுவனத்தின் ஊர்தியில் சுமார் 86 கிலோமீட்டர் உயரம் சென்றார். குண்டூரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சிரிஷா பண்ட்லாவும் உடன் சென்றார். அமெரிக்க அளவின்படி அவ்வூர்தியில் இருந்த அனைவரும் விண்வெளி கண்டவர். பன்னாட்டு அளவின்படி ஒருவரும் காணாதவர். ஒன்பது நாள் கழித்து, ஜெஃப் பெசோஸ் என்னும் வணிகரின் கலம் 107 கிலோமீட்டர் உயரம் சென்றது. அது தானே இயங்குவது. ஓட்டுநர் எவரும் அதில் இல்லை. அதில் சென்ற நால்வருள் வாலி ஃபங்க் என்னும் அம்மையாரின் வயது 82. அவர் 1961-ஆம் ஆண்டிலேயே, தனியார் நடத்திய திட்டம் ஒன்றில், விண்வெளி வீரர்க்கு உரிய கடுஞ்சோதனைகளில் தேறியவர். ஆனால், ஜெட் விமானச் சோதனை ஓட்டுநராய் இருத்தல் வேண்டும் என்று அந்நாளில் நாசா விதித்திருந்தது. அத்தொழிலில் பெண்டிர்க்கு இடமே இல்லை. அவ்விதியால் அறுபது ஆண்டுகள் காத்திருந்த அம்மையார் மேலே சென்ற அதே நாளில், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆட்சித்துறை தன் விதியைத் திருத்தி வெளியிட்டது. வணிகக் கலத்தில் செல்பவர் சிறகுச் சின்னம் பெற வேண்டுமாயின், உயரத்தைக் கடத்தலோடு, மக்கள் பாதுகாப்புக்கோ விண்செலவின் பாதுகாப்புக்கோ பயன்படும் பணி ஒன்றைக் கலத்தில் ஆற்றியிருத்தல் வேண்டும் என்பது புதுவிதி. அவ்வாண்டு இறுதியில் அத்துறை, அதுகாறும் சென்றோர்க்குச் சின்னம் அளித்துவிட்டு, அவ்வழக்கத்தையே நிறுத்தியது. 50 மைலைக் கடந்தவர் பெயரைப் பட்டியலில் எழுதுவதோடு அமைந்தது. பெயரைக் குறித்தல் வேறு, பெருமை செய்தல் வேறு என்று பிரித்தது அறிவுடைய செயலே.

நாட்டின் பெயரை எழுதும் இடத்திலும் சிறு தொல்லை உண்டு. ராகேஷ் சர்மா 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் சோவியத் கலத்தில் சென்றார்; கலம் பிற நாட்டினதாயினும் அவர் இந்தியக் குடிமகனாதலின் இந்தியர் வரிசையில் முதலில் நிற்கிறார். கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் சென்றமையால் அமெரிக்கர் வரிசையில் நிற்கிறார். செர்கெய் கிரிக்கலேவ் என்பவர் நிலையோ வேறு. 1991-ஆம் ஆண்டு மே திங்களில் அவர் மேலே சென்றபோது சோவியத் நாடு இருந்தது. 1992-ஆம் ஆண்டு மார்ச்சில் இறங்கியபோது அது இல்லை.

இவையெல்லாம் சென்று மீண்டவர் பற்றியவை. செல்லப் புறப்பட்டும் எல்லையை எட்டாதவர் பெயரை எங்கே எழுதுவது? 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் நிக் ஹேக் என்னும் அமெரிக்கர் தம் முதற்செலவுக்காக ருஷ்யக் கலத்தில் ஏறினார். ராக்கெட் இடையிலேயே பழுதுற்றது. கலம் தனியே பிரிந்து, சுமார் 93 கிலோமீட்டர் உயரம் சென்று, அவரையும் உடன் சென்றவரையும் நலமே தரையில் சேர்த்தது. ஓர் அளவுக்கு மேல், மற்றோர் அளவுக்குக் கீழ். மறு ஆண்டு மார்ச்சில் அவர் விண்வெளி நிலையத்தையே அடைந்தமையால் வழக்குத் தானே தீர்ந்தது.

'சேலஞ்சர்' கலத்தில் சென்றவர்க்கு அத்தகைய மறு ஆண்டு வாய்க்கவில்லை. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அது புறப்பட்ட 73-ஆவது நொடியில், ஏறக்குறைய 14 கிலோமீட்டர் உயரத்தில், சிதைந்து போயிற்று. எழுவர் மாண்டனர். அவருள் நால்வர் முன்னரே விண்வெளி கண்டவர். மைக்கேல் ஸ்மித், கிரெகரி ஜார்விஸ், பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் ஆகிய மூவர்க்கும் அதுவே முதற்செலவு. 14 கிலோமீட்டர் என்பது பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைவிடச் சிறிதே மிகுதி. அளவுகோலை மட்டும் கையில் கொண்டவர் அம்மூவரையும் விட்டுவிட வேண்டியவரே. 1967-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது கலத்துக்குள் தீப்பற்றி மூவர் மாண்டனர். அவருள் ரோஜர் சாஃபி என்பவர் அதற்குமுன் ஒருமுறையும் மேலே சென்றவர் அல்லர். அவர் கலம் தரையை விட்டு எழவே இல்லை.

இத்தகையோர் நினைவாக அமெரிக்கர் 1991-ஆம் ஆண்டில் புளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தில் மெருகேற்றிய கருங்கற்பலகை ஒன்றை நாட்டினர். பெயர்களின் எழுத்துகள் கல்லை ஊடுருவி வெட்டப்பட்டவை; பின்னிருந்து வரும் ஒளி அவற்றின் வழியே தெரியும். சாஃபி, ஸ்மித், ஜார்விஸ், மெக்காலிஃப் பெயர்கள் அதில் இடம்பெற்றன. விண்வெளி காணுமுன்னரே 1964-ஆம் ஆண்டில் விமானப் பயிற்சியில் மாண்ட தியோடர் ஃபிரீமன், 1967-ஆம் ஆண்டில் மாண்ட கிளிஃப்டன் வில்லியம்ஸ் ஆகியோர் பெயர்களும் இடம்பெற்றன. நாசா அவர்களை விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அத்தேர்வே போதும் என்று கொள்ளப்பட்டது.

ஒருவர் பெயர் மட்டும் அதில் இல்லை. அவர் ராபர்ட் லாரன்ஸ். சிகாகோவில் பிறந்தவர், வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், விமானப்படையில் மேஜர். புவியைச் சுற்றும் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க விமானப்படை அந்நாளில் தனித் திட்டம் வகுத்திருந்தது. அத்திட்டத்துக்கு 1967-ஆம் ஆண்டு ஜூனில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்கக் கறுப்பு இனத்தவருள் விண்வெளிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வர் அவரே. அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், செங்குத்தாக இறங்கித் தரைசேரும் முறையை மற்றோர் ஓட்டுநர்க்குப் பயிற்றியபோது, விமானம் தரையில் மோதி உயிர் துறந்தார். அவருக்கு வயது 32. ஈராண்டுக்குள் அத்திட்டமும் கைவிடப்பட்டது. அதில் இருந்தோருள் எழுவர் 1969-ஆம் ஆண்டில் நாசாவில் சேர்ந்தனர். எழுவரும் பின்னாளில் விண்வெளிக்குச் சென்று வந்தனர்.

லாரன்ஸின் பெயரைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை, அவர் 50 மைல் உயரத்தைக் கடந்தவர் அல்லர் என்பது. அளவு சரியானதே, அவர் கடக்கவில்லை. ஆனால், ஃபிரீமனும் வில்லியம்ஸும் சாஃபியும் கடக்கவில்லை. நாசாவின் தேர்வுக்கு ஓர் அளவு, விமானப்படையின் தேர்வுக்கு வேறோர் அளவு என்று ஒரே கல்லில் இரு கோல்கள் ஆளப்பட்டிருந்தன. கேட்டவர்கள் ஓயாமல் இதனையே எடுத்துக் காட்டினர். பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்நாளிலேயே அவர் விண்வெளி வீரர் ஆனார் என்று விமானப்படை இறுதியில் ஏற்றுக்கொண்டது. 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அவர் இறந்து சரியாக முப்பது ஆண்டுகள் நிறைந்த அன்று, அவர் பெயர் அக்கருங்கல்லில் இடம்பெற்றது.